பிகேஜி அப்கிரேட் செய்தபின் டேட்டாபேஸ் சர்வரையே காணோம் (ஃப்ரீபிஎஸ்டி)

வேம்படி · திங்கள், காலை 9.12

வணக்கம். அவசரம், தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் உடனே சொல்லுங்கள்.

ஒரு சிறிய அலுவலகத்தின் கணக்கு, பில் எல்லாம் ஓடும் சர்வர் என் பொறுப்பில் இருக்கிறது. யூனிக்ஸ் வகை இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி 14.1, இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பிஎச்பி மொழி, போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் கிளம்பிய பிறகு, மென்பொருள் பேக்கேஜ்களைப் புதுப்பிக்க "பிகேஜி அப்கிரேட்" கொடுத்தேன். நூற்றுக்கு மேல் பேக்கேஜ்கள். பட்டியல் சரசரவென்று ஓடியது, கடைசியில் கேட்டதற்கு "ஒய்" அடித்தேன். பிழை எதுவும் வரவில்லை. பிரவுசரில் திறந்து பார்த்தேன், எல்லாம் வழக்கம்போல் ஓடியது. சனிக்கிழமை முழுக்க பில் போட்டிருக்கிறார்கள், யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை.

இன்று காலை மின்தடை. யூபிஎஸ் தாங்கவில்லை, மெஷின் அணைந்து மறுபடி வந்தது. இப்போது கணக்கு மென்பொருள் திறக்கவில்லை. "சர்வீஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஸ்டார்ட்" கொடுத்தால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது. பிஎஸ்க்யூஎல் (டேட்டாபேஸ் சர்வரோடு பேசும் கிளையன்ட்) மட்டும் இருக்கிறது, அதன் வெர்ஷன் 16 என்று காட்டுகிறது. நான் 16 போடவே இல்லை.

"பிஇசிடிஎல் லிஸ்ட்" பார்த்தேன். மூன்று வாரம் முன்பு ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் செய்தபோது தானாக உருவான பூட் என்விரான்மென்ட் (சிஸ்டத்தின் அன்றைய நிலையின் நகல்) ஒன்று இருக்கிறது. அதை ஆக்டிவேட் செய்து ரீபூட் செய்தால் பழையபடி ஆகிவிடும்தானே? பத்து மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

---

கல்தச்சன் · காலை 9.19

தம்பி, அந்த பூட் என்விரான்மென்ட்டைத் தொடாதீர்கள். ரீபூட்டும் வேண்டாம்.

ஃப்ரீபிஎஸ்டி இன்ஸ்டாலர் தானாகப் போட்டுத் தரும் இசட்எஃப்எஸ் அமைப்பில் /வார்/லாக், /வார்/மெயில் போன்ற சில மட்டும்தான் தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ் தனியாகக் கையாளும் பகுதி). /வார்/டிபி அப்படி இல்லை, அது ரூட்டோடு சேர்ந்து பூட் என்விரான்மென்ட்டுக்குள்ளேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸின் டேட்டா இருப்பதும் அங்கேதான். நீங்கள் மூன்று வாரம் பின்னால் போனால் டேட்டாபேஸும் மூன்று வாரம் பின்னால் போகும். மென்பொருள் அழகாகத் திறக்கும், உள்ளே வந்தவர்கள் பழைய கணக்கின் மேலேயே புது பில் போட ஆரம்பிப்பார்கள். புதிய டேட்டா அழிந்துவிடாது, இன்னொரு என்விரான்மென்ட்டில் கிடக்கும். ஆனால் இரண்டாகப் பிரிந்த கணக்கை யார் உட்கார்ந்து ஒட்டுவது?

முதலில் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். /வார்/டிபி/போஸ்ட்கிரெஸ் உள்ளே டேட்டா15 என்ற டைரக்டரி இருக்கிறதா? அந்த டைரக்டரிக்கு "டிஎஃப்" கொடுத்தால் எந்த டேட்டாசெட் வருகிறது?

---

வேம்படி · காலை 9.26

டேட்டா15 இருக்கிறது அண்ணா! 6 ஜிபி. டிஎஃப்-இல் "இசட்ரூட்/ரூட்/டிஃபால்ட்" என்று வருகிறது. நீங்கள் சொன்னதுதான். கை நடுங்குகிறது, இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் ரீபூட் கொடுத்திருப்பேன்.

இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் ஒன்று எடுத்துவிட்டேன். டேட்டா15-ஐ அப்படியே வெளி டிஸ்க்குக்கும் காப்பி செய்துகொண்டிருக்கிறேன். ஆட்களிடம் மதியம் வரை கையால் பில் எழுதச் சொல்லிவிட்டேன்.

---

கல்தச்சன் · காலை 9.48

நல்லது. டேட்டா இருக்கும்வரை மற்றது எல்லாம் வேலைதான், பயப்பட ஒன்றும் இல்லை. பேக்கேஜை நீக்கும்போது பிகேஜி தான் வைத்த ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும், டேட்டா டைரக்டரியில் கை வைக்காது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த முறையும் இதே நடக்கும். போஸ்ட்கிரெஸ்ஸின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனும் இங்கே தனிப் பேக்கேஜ். 15-சர்வர் தானாக 16-சர்வர் ஆகாது. ஆனால் பிஎச்பியின் பிஜிஎஸ்க்யூஎல் எக்ஸ்டென்ஷனுக்கு ஏதாவது ஒரு போஸ்ட்கிரெஸ் கிளையன்ட் வேண்டும். எந்த கிளையன்ட் என்பதைப் போர்ட்ஸ் மரத்தில் (பேக்கேஜ்களை பில்டு செய்யும் செய்முறைகளின் தொகுப்பு) உள்ள டிஃபால்ட் வெர்ஷன் முடிவு செய்கிறது. அது 15-இலிருந்து 16-க்கு மாறியதும் எக்ஸ்டென்ஷன் 16-கிளையன்ட்டை இழுத்து வந்தது. இரண்டு கிளையன்ட்டும் ஒரே இடத்தில் ஒரே பெயரில் ஃபைல் வைப்பவை, சேர்ந்து இருக்க முடியாது. 15-கிளையன்ட் வெளியே போனது, அதை நம்பியிருந்த 15-சர்வரும் கூடவே போனது. நீங்கள் "ஒய்" அடிப்பதற்கு முன்னால் திரையில் "டு பி ரிமூவ்ட்" என்ற தலைப்பில் இது கட்டாயம் வந்திருக்கும். அந்தத் தலைப்புதான் முதலில் மேலே ஓடிப்போகும், புதுப்பிக்க வேண்டியவற்றின் நீளப் பட்டியல் அதைத் தள்ளிவிடும்.

வெள்ளியும் சனியும் ஓடியதற்குக் காரணம், ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸை பிகேஜி நிறுத்தாது. டிஸ்க்கில் ஃபைலை அழித்தாலும் அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் விடும்வரை யூனிக்ஸில் அது உயிரோடு இருக்கும். இன்று காலை மின்தடை வரை உங்கள் டேட்டாபேஸ் சர்வர் புரோகிராம் அப்படித்தான் ஓடியிருக்கிறது.

இனி மீட்பு. 15-க்கே திரும்பிப் போக முயன்றால் பிஎச்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். 16-க்கே போய்விடுவோம். 16-சர்வரை இன்ஸ்டால் செய்து "சர்வீஸ் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இனிட்டிபி" கொடுங்கள், டேட்டா16 உருவாகும். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிஜி-அப்கிரேட் (பழைய வெர்ஷனின் டேட்டாவைப் புதியதற்கு மாற்றும் கருவி) வேலை செய்ய பழைய 15-இன் பைனரிகளும் தேவை. அவற்றை இன்ஸ்டால் செய்ய முடியாது, அதனால் 15-சர்வரின் பேக்கேஜ் ஃபைலை /வார்/டிஎம்பி/பிஜி15 என்று ஒரு டைரக்டரி உருவாக்கி அதற்குள் "டார்" கொண்டு பிரித்து வையுங்கள். பேக்கேஜ் ஃபைல் என்பது ஒரு டார் ஃபைல்தான். பிறகு போஸ்ட்கிரெஸ் யூசராக மாறி பிஜி-அப்கிரேடுக்கு நான்கு இடம் காட்ட வேண்டும்: பழைய பின், புதிய பின், டேட்டா15, டேட்டா16. முதல் முறை கட்டாயம் "--செக்" உடன் ஓட்டுங்கள், அது சோதனை மட்டும் செய்யும். டேட்டாவைக் காப்பி செய்யாமல் பழைய ஃபைல்களையே பயன்படுத்தும் "--லிங்க்" வேண்டாம். அது வேகம்தான், ஆனால் அதன்பின் பழைய டேட்டாவை நம்பித் திரும்ப முடியாது. 6 ஜிபிக்கு அந்த வேகம் தேவையில்லை.

---

வேம்படி · காலை 10.31

/வார்/கேச்/பிகேஜி-யில் பழைய 15-சர்வர் ஃபைல் கிடைத்தது, பிரித்துவிட்டேன். ஆனால் அதிலுள்ள போஸ்ட்கிரெஸ் பைனரியை ஓட்டினால் யூனிகோட் எழுத்துகளைக் கையாளும் ஐசியூ-வின் ஷேர்ட் லைப்ரரி கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது.

---

தறிநாடா · காலை 10.37

கேச்சில் இருப்பது போன காலாண்டில் பில்டு ஆனது. வெள்ளிக்கிழமை அப்கிரேடில் ஐசியூவும் மேலே போயிருக்கும், லைப்ரரியின் எண் மாறியிருக்கும். "பிகேஜி ஃபெட்ச்" என்று 15-சர்வரின் பெயர் கொடுங்கள். ஃபெட்ச் இன்ஸ்டால் செய்யாது, இன்றைய ரெப்போவில் (பேக்கேஜ் களஞ்சியம்) இருக்கும் 15-ஐ இறக்கி மட்டும் வைக்கும். அது இன்றைய ஐசியூவுக்கு எதிராக பில்டு ஆனது, ஓடும். எக்ஸ்டென்ஷன் ஏதாவது பயன்படுத்தினால் 15-கான்ட்ரிப்பையும் (கூடுதல் எக்ஸ்டென்ஷன்களின் பேக்கேஜ்) அப்படியே இறக்கிப் பிரியுங்கள், 16-கான்ட்ரிப்பை இன்ஸ்டால் செய்யுங்கள்.

---

வேம்படி · காலை 10.58

ஓடியது அக்கா, நன்றி. இப்போது "--செக்" பழைய கிளஸ்டர் முறையாக நிறுத்தப்படவில்லை என்று சொல்கிறது.

---

கல்தச்சன் · காலை 11.03

மின்தடையில் விழுந்ததல்லவா, அதனால். பிரித்து வைத்த 15-இன் பிஜிசிடிஎல் கொண்டு டேட்டா15-ஐ ஒருமுறை ஸ்டார்ட் செய்யுங்கள். லாகைப் பாருங்கள், ரெக்கவரி முடிந்து இணைப்பு ஏற்கத் தயார் என்று வரும். அப்போதே ஒரு பிஜி-டம்ப்ஆல் எடுத்து வைத்துவிடுங்கள், அது தனிக் காப்பு. பிறகு அதே பிஜிசிடிஎல் கொண்டு ஸ்டாப். அதற்கப்புறம் "--செக்".

---

வேம்படி · மதியம் 12.20

வந்துவிட்டது! சனிக்கிழமை மாலை போட்ட கடைசி பில் வரைக்கும் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்.கான்ஃப், பிஜி-ஹெச்பிஏ என்ற கான்ஃபிக் ஃபைல்கள் இரண்டையும் கையால் ஒப்பிட்டு டேட்டா16-க்குக் கொண்டுவந்தேன், வேக்யூம்டிபி-யில் அனலைஸும் ஓட்டினேன். கல்தச்சன் அண்ணா, தறிநாடா அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இந்த இழையை மூட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வெளி மென்பொருள்களை ஒழுங்காகப் புதுப்பிப்பது எப்படி என்று நீங்கள் எல்லாரும் எழுதினால் என்னைப் போன்றவர்களுக்கு உதவும். நான் லினக்ஸிலிருந்து வந்தவன். அங்கே எல்லாமே ஒரே கூடையில்.

---

பனங்காட்டான் · மதியம் 2.05

என் அனுபவத்தில் ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது. என்னிடம் ஒரு ஃபைல் சர்வர், இரண்டு வருடமாக ஒரு பேக்கேஜ்கூட மாற்றவில்லை, ஒரு நாள் நின்றதில்லை. நெட்வொர்க்குக்கு வெளியே தெரியாத மெஷின். இந்தத் தம்பிக்கு வெள்ளிக்கிழமை என்ன அவசரம் வந்தது?

---

தறிநாடா · மதியம் 2.40

வெளியே தெரியாத மெஷினுக்கு நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். வேம்படியின் சர்வரில் என்ஜின்எக்ஸ் திறந்திருக்கிறது, அது வேறு கதை.

அதோடு, தொடாமல் விட்டாலும் "பிகேஜி ஆடிட் -எஃப்" மட்டும் ஓட்டிப் பாருங்கள் ஐயா. இருக்கிற பேக்கேஜ்களில் எதற்கெல்லாம் அறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உண்டு என்று சொல்லும். ஒரு பேக்கேஜையும் மாற்றாது. தினசரி பாதுகாப்பு மெயிலிலும் அது வரும், ரூட்டுக்கு வரும் மெயிலை யாரும் திறப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

ஒரு பழைய உதாரணம். 2014 ஏப்ரலில், குறியாக்கத்துக்கான ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே வந்தது. ஃப்ரீபிஎஸ்டி 10.0-இன் அடிப்படை சிஸ்டத்தில் இருந்தது ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1, அதனால் அது மாட்டியது. 9 வரிசையில் இருந்தது பழைய 0.9.8, அதில் அந்த ஓட்டையே இல்லை. 9-இல் இருந்தவர்கள் நிம்மதியாக இருக்கலாமா? போர்ட்ஸிலிருந்து புது ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டு, வெப் சர்வரை அதோடு இணைத்திருந்தவர்களுக்கு ஓட்டை இருந்தது. ஒரே மெஷினில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல். அடிப்படைக்கு வந்த அறிவிப்பை மட்டும் படித்தவர் தன் மெஷின் பத்திரம் என்று நினைத்திருப்பார்.

வேம்படி கேட்டதற்கும் இதுதான் பதில். இங்கே கூடை இரண்டு. கெர்னல், எஸ்எஸ்ஹெச், அடிப்படைக் கமாண்டுகள் எல்லாம் ஒரே திட்டம் ஒன்றாகச் செய்து தருவது, அதை ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் பார்த்துக்கொள்ளும். நீங்கள் போட்ட மற்றது எல்லாம் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழே, அதை பிகேஜி பார்த்துக்கொள்ளும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றது புதுப்பித்ததாக ஆகாது.

---

ஆற்றுமணல் · மாலை 4.15

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இன்னொரு இடம். "பிகேஜி அப்டேட்" என்பது ரெப்போவில் இன்று என்னென்ன இருக்கிறது என்ற கேட்டலாகை மட்டும் வாங்கி வரும். "பிகேஜி அப்கிரேட்" தான் மெஷினில் உள்ளதை மாற்றும். என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் ஆறு மாதம் தினமும் அப்டேட் கொடுத்துவிட்டு மெஷின் புதுசாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தான். கடைக்குப் போய் விலைப்பட்டியல் வாங்கி வந்தால் சமையலறையில் அரிசி இருக்காது என்று சொல்லிப் புரியவைத்தேன்.

---

கல்தச்சன் · இரவு 9.30

நூற்றுக்கு மேல் பேக்கேஜ் ஏன் ஒரே நாளில் வந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரிலீஸ் வெர்ஷன்களில் பிகேஜி பார்ப்பது குவார்ட்டர்லி கிளையை. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் தொடக்கத்தில் போர்ட்ஸ் மரத்திலிருந்து ஒரு கிளை வெட்டுவார்கள். அந்த மூன்று மாதமும் அதில் பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தமும் பிழைத் திருத்தமும்தான் வரும். புதுக் கிளை வந்ததும் மூன்று மாத மாற்றம் மொத்தமாக வந்து இறங்கும். டிஃபால்ட் வெர்ஷன் மாற்றங்கள் உங்கள் மெஷினுக்குள் நுழைவது அப்போதுதான். பைத்தான் 3.9-இலிருந்து 3.11-க்குப் போனதும் இப்படித்தான் பலரை அடித்தது. அதனால் காலாண்டின் முதல் அப்கிரேடை மட்டும் நான் தனி வேலையாக வைத்துக்கொள்கிறேன், ஒரு முழு மதியம் ஒதுக்கி. மற்ற வாரங்களில் வருவது கொஞ்சம்தான், பத்து நிமிடம்.

லேட்டஸ்ட் கிளைக்கு மாற விரும்பினால் /இடிசி-யில் இருக்கும் ஃபைலைத் திருத்தாதீர்கள், அது அடிப்படை சிஸ்டத்தின் சொத்து. /யூஎஸ்ஆர்/லோக்கல்/இடிசி/பிகேஜி/ரெப்போஸ் கீழே உங்கள் ஃபைலை வையுங்கள். லேட்டஸ்ட்டில் மாற்றம் சிறிது சிறிதாக அடிக்கடி வரும். என் லேப்டாப் அதில்தான். மற்றவர் பணம் ஓடும் சர்வரை அதில் வைக்க மாட்டேன்.

முழு மதியத்தில் செய்வது என்னவென்றால், முதலில் போர்ட்ஸ் மரத்தின் அப்டேட்டிங் ஃபைலைப் படிப்பேன். "பிகேஜி அப்டேட்டிங்" என்று கடைசியாகப் புதுப்பித்த தேதியைக் கொடுத்தால், நம் மெஷினில் இருக்கும் பேக்கேஜ்களுக்கான குறிப்புகளை மட்டும் பிரித்துக் காட்டும். அடுத்து "பிகேஜி அப்கிரேட் -என்". இது எதையும் தொடாமல் என்ன செய்யப் போகிறது என்று மட்டும் சொல்லும். அந்த வெளியீட்டை ஒரு ஃபைலில் போட்டு நிதானமாகப் படிப்பேன், ரிமூவ்ட் தலைப்பின்கீழ் இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் காரணம் தெரியாமல் மேலே போக மாட்டேன். சில நேரம் காரணம் சின்னதாக இருக்கும்: அந்த வாரம் ரெப்போவில் அந்தப் பேக்கேஜ் பில்டு ஆகாமல் போயிருக்கும், அதனால் பட்டியலிலேயே இருக்காது. குரோமியம் அப்படி எனக்குக் காணாமல் போயிருக்கிறது. இரண்டு மூன்று நாள் பொறுத்தால் திரும்ப வந்துவிடும்.

"பிகேஜி லாக்" போட்டு 15-சர்வரைப் பூட்டலாமே என்று கேட்பீர்கள். பூட்டலாம், பிகேஜி அதை நீக்காது. ஆனால் பூட்டியதை மறந்துபோனால் அதற்கான பாதுகாப்புத் திருத்தமும் வராது. நான் பூட்டினால் காலண்டரில் திறக்கும் தேதியையும் எழுதிவைப்பேன்.

---

வேம்படி · இரவு 10.10

அண்ணா, பூட் என்விரான்மென்ட் அப்படியானால் பயனே இல்லையா?

---

கல்தச்சன் · இரவு 10.22

நிறைய பயன் உண்டு தம்பி, டேட்டா அதற்கு வெளியே இருந்தால். /யூஎஸ்ஆர்/லோக்கலும் பிகேஜியின் சொந்தக் கணக்கும் என்விரான்மென்ட்டுக்குள் இருப்பதால், அப்கிரேடுக்கு முன் "பிஇசிடிஎல் கிரியேட்" கொடுத்தால் பேக்கேஜ்கள் அனைத்தும் அப்படியே நிற்கும். பிகேஜி தானாக உருவாக்காது, நீங்கள்தான் உருவாக்க வேண்டும். இசட்ரூட்/வார் கீழே டிபி என்று ஒரு டேட்டாசெட், அது மவுன்ட் ஆகாதபடி கேன்மவுன்ட்=ஆஃப். அதன்கீழே போஸ்ட்கிரெஸ் என்று இன்னொன்று. டேட்டாபேஸை நிறுத்தி உள்ளடக்கத்தை அதற்கு மாற்றிவிடுங்கள். அதற்கப்புறம் நீங்கள் எந்த என்விரான்மென்ட்டில் பூட் செய்தாலும் கணக்கு ஒன்றே.

---

நெய்தல் · செவ்வாய், காலை 8.05

நான் வேறு வழியில் போனவன், அதையும் எழுதுகிறேன். எங்கள் இடத்தில் ஆறு மெஷின். எல்லாவற்றுக்கும் பூட்ரியேர் என்ற பில்டு கருவி கொண்டு சொந்த ரெப்போ வைத்திருக்கிறோம். சுத்தமான ஜெயிலுக்குள் (மற்றதிலிருந்து பிரித்து அடைத்த சூழல்) ஒவ்வொரு போர்ட்டையும் பில்டு செய்து ரெப்போவாகத் தரும். மேக்.கான்ஃப்-இல் டிஃபால்ட் வெர்ஷன்ஸ் வரியில் பிஜிஎஸ்க்யூஎல்=15 என்று ஒரு வரி எழுதினால், பிஎச்பி உட்பட எல்லாம் 15-கிளையன்ட்டோடு வரும். வேம்படிக்கு நடந்தது எங்களுக்கு நடக்க வழியே இல்லை. 16-க்கு எப்போது போவது என்பதை நாங்கள் முடிவு செய்கிறோம்.

விலையும் உண்டு. எல்எல்விஎம், ரஸ்ட் என்ற கம்பைலர்கள் இரண்டும் பில்டு ஆக நேரமும் மெமரியும் தின்னும். ஒரே ஒரு மெஷின் வைத்திருப்பவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

முன்பு போர்ட்மாஸ்டர் வைத்து லைவ் மெஷினிலேயே பில்டு செய்துகொண்டிருந்தேன். பாதி வழியில் ஒரு போர்ட் விழுந்தால் பாதி புதுசு, பாதி பழசு என்று மெஷின் அந்தரத்தில் நிற்கும். அதைவிடக் கெட்டது, பாதியைப் பேக்கேஜாகவும் பாதியைப் போர்ட்ஸிலிருந்தும் போடுவது. குவார்ட்டர்லி பேக்கேஜ் வைத்துக்கொண்டு மெயின் கிளையின் போர்ட்ஸ் மரத்தில் ஒன்றே ஒன்றை பில்டு செய்வார்கள், அடுத்த அப்கிரேடில் லைப்ரரிகள் முட்டிக்கொள்ளும். கலக்கத்தான் வேண்டும் என்றால் மரமும் பேக்கேஜும் ஒரே கிளையில் இருக்கட்டும்.

---

ஆற்றுமணல் · செவ்வாய், காலை 11.50

பைத்தானின் சொந்தப் பேக்கேஜ் கருவியான பிப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ரூட்டாக இருந்துகொண்டு பிப் இன்ஸ்டால் கொடுத்தால் அதுவும் /யூஎஸ்ஆர்/லோக்கல் கீழேதான் போய் உட்காரும், பிகேஜிக்கு அது தெரியாது. "பிகேஜி விச்" என்று அந்த ஃபைலைக் காட்டிக் கேளுங்கள், என் கணக்கில் இல்லை என்று சொல்லும். பைத்தானின் டிஃபால்ட் மாறினால் அவை பழைய வெர்ஷனின் டைரக்டரியிலேயே கிடக்கும், புரோகிராம் விழும். பிப் வேண்டுமென்றால் வென்வ் (பைத்தானின் தனிச் சூழல்) போட்டு அதற்குள் வையுங்கள்.

---

பனங்காட்டான் · செவ்வாய், இரவு 8.40

தறிநாடா சொன்னபடி ஆடிட் ஓட்டினேன். 23 பேக்கேஜ்களில் ஓட்டை என்று வந்தது, ஃபைல் பகிரும் சாம்பா உட்பட. இவ்வளவு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மெஷின் இன்னும் ஃப்ரீபிஎஸ்டி 13-இல் இருக்கிறது. 14-க்கே போய்விடலாம் என்று நினைக்கிறேன். என்ன கவனிக்க வேண்டும்?

---

தறிநாடா · செவ்வாய், இரவு 9.15

வரிசையை மட்டும் கவனியுங்கள் ஐயா. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் இன்ஸ்டால் என்பதை மூன்று முறை கொடுக்க வேண்டியிருக்கும். முதல் முறை கெர்னல், ரீபூட். இரண்டாம் முறை மற்ற அடிப்படை ஃபைல்கள். மூன்றாம் முறை பழைய லைப்ரரிகளை நீக்கும். அந்த இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் பேக்கேஜ்களை மாற்ற வேண்டும். 13-இல் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1, 14-இல் 3.0. உங்கள் பழைய பேக்கேஜ்கள் தேடுவது பழைய லிப்எஸ்எஸ்எல்-ஐ. அதை முதலில் நீக்கிவிட்டால் பல புரோகிராம்கள் எழுந்திருக்காது, பிகேஜியே தடுமாறலாம். அதற்காகத்தான் பிகேஜி-ஸ்டேட்டிக் என்று வெளி லைப்ரரி எதையும் நம்பாத இன்னொரு பைனரி இருக்கிறது. "பிகேஜி-ஸ்டேட்டிக் அப்கிரேட் -எஃப்" கொடுத்தால் எல்லாவற்றையும் 14-க்கு பில்டு ஆனவையாக மாற்றிப் போடும். அங்கேயும் ரிமூவ்ட் தலைப்பைப் படித்துவிட்டு.

முடிந்ததும் சாம்பாவின் கான்ஃபிக்கைப் பாருங்கள். நீங்கள் திருத்திய கான்ஃபிக்கை பிகேஜி மாற்றாது, அது நல்லதுதான். ஆனால் இரண்டு வருடத்தில் சில வரிகள் வழக்கொழிந்திருக்கலாம். "டெஸ்ட்பார்ம்" ஓட்டினால் சொல்லிவிடும்.

---

வேம்படி · வெள்ளி, இரவு 7.05

இன்று மாலை மறுபடி செய்தேன். டேட்டாபேஸ் இப்போது தனி டேட்டாசெட்டில் இருக்கிறது. பிஜி-டம்ப்ஆல் எடுத்தேன், பூட் என்விரான்மென்ட் உருவாக்கினேன், பிறகு "பிகேஜி அப்கிரேட் -என்". ஐந்தே பேக்கேஜ், ரிமூவ்ட் தலைப்பே வரவில்லை. "ஒய்".

முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. "சர்வீஸ் -ஆர்" கொடுத்து /யூஎஸ்ஆர்/லோக்கல் சர்வீஸ்கள் அனைத்தையும் நிறுத்தித் தொடங்கினேன், அதன்பின் நானே மெஷினை ரீபூட் செய்தேன். 6.52-க்கு லாகின் பக்கம் வந்தது. ஒரு சோதனை பில் போட்டு, நீக்கிவிட்டு, இப்போதுதான் அலுவலகத்தைப் பூட்டுகிறேன்.